திருமதி ப. தவமணி, ஒப்பந்ததாரர்

நீங்க ஜன்னல் பக்கமே உக்காந்துக்கங்க சார். எனக்கு இந்த நடை ஓரம்தான் வசதி. ஒரு பக்கமா எதுலயாவது சாஞ்சா இப்பல்லாம் ஒடம்பு ஒத்துக்க மாட்டேங்குது. சூடுன்னு நெனைக்கிறேன். வீட்டுலகூட கட்டிலத் தூக்கி வெளிய தென்னமரத்தடியில போட்டுட்டேன். மண்டையில தேங்கா விழும்யான்னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்றான். விழட்டுமே. தேங்காதானே.

திருச்சி வரைக்குமா நீங்க? நல்லது. நானும் டிக்கெட்டு திருச்சிக்குத்தான் எடுத்திருக்கேன். ஆனா எறங்கப் போறது புதுக்கோட்டையில, கோர்ட்டு ஸ்டாப்புல. கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு, வாய் திருச்சின்னு சொல்லிருச்சு. சொன்னத எதுக்கு மாத்திக்கிட்டுன்னு விட்டுட்டேன்.

என் பேரு பழனிநாதன். கீரமங்கலத்துல வந்து கான்ட்ராக்டர் வீடு எதுன்னு கேளுங்க, சின்னப் பிள்ளைகூடக் கையக் காட்டும். காகிதத்துல மட்டும் நான் கான்ட்ராக்டர் இல்ல. காகிதத்துல கான்ட்ராக்டர் என் வீட்டுக்காரி, தவமணி. இன்னைக்கு அவளைத் திருச்சி ஜெயில்லேருந்து புதுக்கோட்டைக் கோர்ட்டுக்குக் கூட்டியாறாங்க. அதுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன்.

அட, ஏன் சார் அப்படி நகர்றீங்க? அந்தப் பக்கம் வெயிலு, இங்கயே இருங்க. கொலகாரியெல்லாம் இல்ல சார் அவ. ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்காதவ. எல்லாம் இந்தப் புதுத் தீர்ப்பு பண்ணுற கூத்து. உங்களுக்கு உத்தியோகம் என்ன? வாத்தியாரா? பாத்தேன், பையில ரெண்டு பேனா. அப்ப உங்களுக்குப் புரியும். நம்ம கேஸும் பள்ளிக்கூடத்துக் கேஸுதான்.

எங்க லைன்ல பாதி லைசென்ஸு பொம்பளைங்க பேர்லதான் சார் இருக்கும். யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஒருத்தன் கவர்மெண்டு சம்பளம் வாங்குவான், ஒருத்தன் பதவியில இருப்பான், என்னைய மாதிரி ஒருத்தன கருப்புப் பட்டியல்ல போட்டிருப்பானுங்க. அது ஒரு வாய்க்கா பாலத்து வேல. அதச் சொல்ல ஆரம்பிச்சா இந்த பஸ்ஸு திருச்சி போய்த் திரும்பியே வந்துரும், விடுங்க. எவனோ பண்ணத என் தலையில கட்டிட்டானுங்க. அதுக்காகத் தொழில விட்டுட்டு மாடு மேய்க்கவா போறது? பேர மட்டும் மாத்துனோம். வேல அதே வேலதான்.

அக்ரிமெண்டு போடுற அன்னைக்கு ஆபீஸு வாசல்ல வந்து பாக்கணும் நீங்க. கல்யாண வீடு தோத்துரும். எங்க ஆளுங்க அத்தன பேரும் பொண்டாட்டிமாரப் பட்டுப்புடவ கட்டி, பூ வச்சு, கார்ல கூட்டியாந்துருவோம். அவங்க எறங்கக்கூட வேணாம். கிளார்க்கே பேப்பர எடுத்துக்கிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துருவாரு. கார் கண்ணாடிய எறக்குனா அவரு வெரல் வைப்பாரு, வெரல் வச்ச எடத்துல கையெழுத்து. முடிஞ்சதும் நேரா ஓட்டலுக்குப் போயி நெய் ரோஸ்ட்டு. யாரு ஆரம்பிச்ச வழக்கமோ தெரியாது, அன்னைக்கு ரோஸ்ட்டு வாங்கிக் குடுக்கலைன்னா வேல வெளங்காதுன்னே எங்காளுங்க நம்புவானுங்க. தவமணி அதுக்குக் கையெழுத்துத் தோசன்னு பேரு வச்சிருந்தா. "ஏங்க, அடுத்த கையெழுத்துத் தோச எப்ப?"ன்னு கேப்பா. அவளுக்கும் கான்ட்ராக்டுக்கும் உள்ள ஒறவு அவ்வளவுதான் சார். ஒரு தோச.

மொதல்ல பயந்தா. "எனக்கு என்னங்க தெரியும், நான் எதுக்கு"ன்னா. நான்தான் சொன்னேன்: "சும்மா ஒரு கையெழுத்து போடு, போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்." காலண்டர் தாளக் கிழிச்சு அதுக்குப் பின்னாடி எழுத வச்சுப் பழக்குனேன். அழகா வந்துச்சு. கடைசியில ஒரு சுழி சுழிப்பா பாருங்க, கோலம் முடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தேன். இன்ஸ்பெக்‌ஷன் கின்ஸ்பெக்‌ஷன்னு எவனாவது வருவான்ல, யாரு கேட்டாலும் "நான்தான் பாக்குறேன்"னு சொல்லணும். எங்காளுங்க எல்லாரும் வீட்டுல சொல்லி வைக்கிறதுதான். மத்தவன் பொண்டாட்டிங்க மறந்துருவாங்க. தவமணிக்கு ஒருவாட்டி சொன்னாப் போதும், ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கும்.

அந்தச் சமயத்துலதான் ஒரு உத்தரவு வந்துச்சு. வேல நடந்த எடத்துல கான்ட்ராக்டர் பேரையும் போன் நம்பரையும் கல்லுல வெட்டிப் பதிக்கணுமாம். ஜனங்களுக்குக் குறை ஏதாவது இருந்தா நேரா கூப்புட்டுக் கேட்டுக்கலாமாம். யாரோ ஏசி ரூம்புல உக்காந்து யோசிச்சிருக்கான். சரின்னு வெட்டுனோம். 'ஒப்பந்ததாரர்: திருமதி ப. தவமணி.' கீழ அவ செல் நம்பரு. அந்த 'ப' நான்தான் சார். அத யாரும் பேசுறதில்ல. வேலயெல்லாம் பாத்தவனுக்கு ஒரே எழுத்து, தோச தின்னவளுக்குப் பேரு முழுசும்.

கோச்சுக்காதீங்க, சும்மா சொல்றேன். அவளுக்கு அந்தக் கல்லப் பாக்கணும்னு கொள்ள ஆச. "ஏங்க, என் பேரு கல்லுல இருக்காமே, ஒருநாளு கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்களேன்"னு பிள்ளை மாதிரிக் கேப்பா. போலாம் போலாம்னேன். சிமெண்டு வரல, கம்பி வரல, மேஸ்திரி வரலன்னு நாம ஒரு பக்கம் நாயா அலையுறோம், இதுல கல்லக் காட்ட எங்க போறது? கூட்டிட்டுப் போக முடியல.

ஆலங்குடி வந்துருச்சா? பரவால்ல, நேரம் இருக்கு.

அந்தப் பள்ளிக்கூடம் எந்த ஊருன்னு வேணாம் சார். புயலடிச்சுச்சுல்ல, அதுல அந்த ஊருப் பள்ளிக்கூடத்துப் பழைய காம்பவுண்டு விழுந்துருச்சு. புதுசு கட்டுற வேல தவமணிக்கு வந்துச்சு. அதாவது எனக்கு. உள்ள மைதானம் மேடு, வெளிய ரோடு பள்ளம். அந்த மாதிரி எடத்துல சுவத்துக்கு அடியில அங்கங்க குழாத் துண்ட வச்சு ஓட்ட விடணும். மழைத்தண்ணி அது வழியா வெளிய வடிஞ்சுரும். இல்லன்னா உள்ள மண்ணு தண்ணியக் குடிச்சு ஊதி சுவத்தத் தள்ளும். இது கொத்தனார் பிள்ளைக்குக்கூடத் தெரியும் சார். எனக்குத் தெரியாதா? குழா ஆடர் போட்டிருந்தேன். கடைக்காரன் இன்னைக்கு நாளைக்குன்னான். பள்ளிக்கூடம் தொறக்கப் போறாங்க, எஞ்சினியர் ஒரு பக்கம் முடி முடிங்கிறாரு. பூசிட்டு அப்புறமா தொளச்சு விட்டுக்கலாம்னு மேஸ்திரி சொன்னான். சரின்னேன். அப்புறம் வேற எடத்துல வேல வந்துருச்சு.

கேட்டுக்கு ஓரமா சிகப்பாயின்னு ஒரு வயசான அம்மா. பிள்ளைங்களுக்கு மாங்காத்துண்டு, நெல்லிக்கா, வெள்ளரிப்பிஞ்சு வித்துக்கிட்டு உக்காந்திருக்கும். வேல நடக்குற நாள்ல எனக்கு அதுதான் சார் சோறு தண்ணி மாதிரி. பித்தளத் தூக்குவாளி ஒண்ணு வச்சிருக்கும். காலையில போனதும் "வா தம்பி, மொதல்ல வயித்த நனை"ன்னு அதுலேருந்து பழைய சோத்து நீராரம் ஊத்திக் குடுக்கும். சின்ன வெங்காயத்த முந்தானையில தொடச்சுக் குடுக்கும். கான்ட்ராக்டர்னா பல்ல இளிக்கிறவன்தான் உண்டு, இந்த மாதிரி எவனும் குடுத்ததில்ல. அதான் சொல்றேன், எனக்கும் அதுக்கும் ஒரு மனஸ்தாபமும் கிடையாது.

ஒருநாளு அது கேட்டுச்சு. "தம்பி, சுவத்தக் கொஞ்சம் ஒசத்திக் கட்டேன். மத்தியானத்துல நெழல் விழுந்தா நான் பாட்டுக்கு உக்காந்துக்குவேன்"ன்னுச்சு. பிளான்ல அந்த ஒசரம் இல்ல. யாரு செய்வா சொல்லுங்க? நான் செஞ்சேன். அது உக்கார்ற எடத்துக்கு நேரா மட்டும் ஒசத்திக் கட்டச் சொன்னேன். கையெடுத்துக் கும்புட்டுச்சு. இதக் கோர்ட்டுல சொல்லுங்கன்னு வக்கீல்கிட்ட சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, "இத மட்டும் வெளிய சொல்லிறாதீங்க"ங்கிறாரு. நல்லது செஞ்சத எதுக்கு சார் மறைக்கணும்?

அந்த வருஷம் மழ விடாமப் பேஞ்சுச்சு. பேஞ்சு முடிஞ்சு, நல்லா வெயிலடிச்ச ஒரு காலையில சுவரு விழுந்துருச்சு. பிள்ளைங்க எல்லாம் உள்ள பிரேயர்ல நின்னுச்சுங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்ல சார், கடவுள் இருக்காருங்கிறதுக்கு வேற என்ன சாட்சி வேணும்? சிகப்பாயி மட்டும்தான். ரோட்டு ஓரத்துல கட போட்டு உக்கார்றதே ஆக்கிரமிப்பு, சட்டப்படி அது அங்க உக்காந்திருக்கவே கூடாது. நான் கொற சொல்லல. நடந்தது அதான்.

சுவரு பூரா விழுந்து, அந்தப் பேரு வெட்டுன கல்லு மட்டும் கேட்டுத் தூணுல அப்படியே நிக்குது. ஒரு எழுத்து ஒடையல.

போலீஸு வீட்டுக்கு வந்துச்சு. "தவமணிங்கிறது யாரு?" அவ அடுப்படியிலேருந்து கையத் தொடச்சுக்கிட்டே வந்தா. "நான்தாங்க." "அந்தக் காம்பவுண்டு வேலையப் பாத்தது யாரு?" சொன்னனே, ஆணி அடிச்ச மாதிரின்னு. ஒரு நொடிகூட யோசிக்கல சார். "நான்தான் பாக்குறேன்"ன்னா. நான் பக்கத்துலயேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். ஓடி ஒளியல. "நீங்க யாரு?"ன்னாங்க. "வீட்டுக்காரர்"ன்னேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அதுக்கு மேல அவங்க கேக்கல. கேட்டாத்தானே சார் சொல்ல முடியும்?

முன்னெல்லாம்னா சாயங்காலமே விட்டுருவாங்க. பொம்பளைக்கு என்ன தெரியும்னு பேசி முடிச்சுக்கலாம். எங்க போறாத காலம், கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் பெரிய கோர்ட்டுல ஒரு தீர்ப்பு வந்திருக்கு. வேற ஏதோ ஊரு, ஏதோ பாலம். இனிமே கவர்மெண்டு வேலையில யாரு பேர்ல ஒப்பந்தமோ அவங்கதான் பொறுப்பு. எனக்குத் தெரியாது, புருஷன் பாத்தான், தம்பி பாத்தான்ங்கிற பேச்செல்லாம் எடுபடாது. எவனோ ஒரு ஊருல கட்டுன பாலத்துக்கு என் பொண்டாட்டி உள்ள உக்காந்திருக்கா. இது நியாயமா? எங்க சங்கத்துல எல்லாப் பயலும் வெலவெலத்துப் போயிட்டான். அக்ரிமெண்டு அன்னைக்கு இப்ப வேப்பமரத்தடியில ஒரு காரு இல்ல. ஓட்டல்காரன் என்னையக் கேக்குறான், "என்னண்ணே, ரோஸ்ட்டுக்கு ஆளே காணும்?"

நான் ஜெயிலுக்கு மனுப் போட்டுப் பாக்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், பேசுறதுக்குப் போன். எம்மேல கோவமா ஏதாவது பேசுவான்னு நெனச்சுக்கிட்டே போனேன். ஒண்ணுமே இல்ல. "சாப்புட்டீங்களா"ன்னு கேட்டா. அப்புறம் கேட்டா, "ஏங்க, அந்தச் சுவரு எப்படி இருக்கும்?"

எனக்கு ஒண்ணும் வெளங்கல. "சுவரு சுவரு மாதிரிதான் இருக்கும்"ன்னேன். "இல்லங்க. கண்ண மூடுனா சுவரு வருது. நான்தான் பாத்ததே இல்லையே, அதனால ஒவ்வொரு நாளு ஒவ்வொரு மாதிரி வருது. ஒருநாளு கோயில் மதிலு மாதிரி இருக்கு, ஒருநாளு நம்ம வீட்டுக் கொல்லச் சுவரா இருக்கு. அந்தம்மா வந்து அதுக்கு அடியில உக்கார்றாங்க. நீதான் கட்டுனியா தாயின்னு கேக்குறாங்க. ஆமான்னுதானே சொல்லணும்? நெசமா எப்படி இருந்துச்சுன்னு சொல்லிட்டீங்கன்னா, அது ஒண்ணு மட்டும் வரும்ல"ங்கிறா.

ஜெயில்னா அப்படித்தான் சார், புத்தி கொஞ்சம் தடுமாறும். நான் சொன்னேன், சந்தனக் கலர் பெயிண்டு, மேல காவி பார்டரு, இவ்வளவு நீளம் இவ்வளவு ஒசரம்னு. ஒண்ணொண்ணா வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டா, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள மாதிரி. "தண்ணி வடிய ஓட்ட விடணுமாமே, போலீஸுக்காரம்மா கேட்டாங்க. விட்டீங்களா?"ன்னா. மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டா.

"விட்டேன்"ன்னேன்.

வேற என்ன சார் சொல்லச் சொல்றீங்க? உள்ள இருக்கிறவகிட்ட போய், விடல, மறந்துட்டேன்னு சொன்னா அவளுக்கு மனசு ஒடைஞ்சுராதா? எஸ்டிமேட்டுல ஓட்ட இருந்துச்சு. நான் எஸ்டிமேட்டுல உள்ளதச் சொன்னேன். அவ மொகம் தெளிஞ்சு போச்சு. "அப்ப நாம சரியாத்தாங்க கட்டியிருக்கோம்"ன்னா. நாமன்னா சார். அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் பஸ்ஸுல அழுதுக்கிட்டே வந்தேன்.

போன வாய்தாவுல ஜாமீன் மனு வந்துச்சு. அரசாங்க வக்கீல், சுவத்துல ஒரு ஓட்டகூட இல்லன்னாரு. இவ சும்மா இருந்திருக்கலாம். வக்கீலும் கண்ணக் காட்டுறாரு. ஆணி அடிச்சாச்சே, கேப்பாளா? கூண்டுலேருந்து சத்தமாச் சொல்றா, "இல்லங்கம்மா, ஓட்டயெல்லாம் விட்டுருக்கோம். நான்தான் நின்னு பாத்தேன்." அவ்வளவு தெளிவா, அவ்வளவு தைரியமா. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. ஜட்ஜம்மா ஒரு போட்டோவ எடுத்து அவகிட்டக் குடுக்கச் சொன்னாங்க.

சுவரு அப்படியே பலகை சாஞ்ச மாதிரி முழுசா ரோட்டுல படுத்துக் கெடக்கு, அந்தப் போட்டோவுல. அடியிலேருந்து நுனி வரைக்கும் தெரியுது. சந்தனக் கலரு இருக்கு. காவி பார்டரு இருக்கு. அப்பதான் சார் தவமணி அந்தச் சுவத்த மொத மொதலாப் பாக்குறா. ரொம்ப நேரம் பாத்தா. வெரல வச்சுத் தடவித் தடவிப் பாத்தா. அப்புறம் தலையத் தூக்கி, அவ்வளவு கூட்டத்துலயும் கடைசி பெஞ்சுல இருந்த என்னைக் கண்டுபுடிச்சுப் பாத்தா.

கோவமா இருந்தா எனக்குத் தெரியும், குடும்பம் நடத்துனவன். அழுகையும் இல்ல. என்ன பார்வைன்னே புரியல சார். இன்னைக்கு வரைக்கும் புரியல. கடையில ஒரு ஆளப் பாத்து, இவரு நமக்குத் தெரிஞ்சவரா இல்லையான்னு யோசிப்போம்ல, அந்த மாதிரி. ஜட்ஜம்மா கேட்டாங்க, "இப்ப என்ன சொல்றீங்க?" இவ போட்டோவத் திருப்பிக் குடுத்துட்டு, "நான்தாங்கம்மா கட்டுனேன்"ன்னா. எம்மேல எவ்வளவு பாசம் இருந்தா அப்படிச் சொல்லியிருப்பா, நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் நான் மனுப் போட்டுட்டுப் போயி உக்காந்தா, அவ வரலன்னு சொல்லி அனுப்பிருவா. ஒருவாட்டி இல்ல, போறப்பல்லாம். ஒடம்புக்கு முடியல போலருக்கு. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு சொல்ல மாட்டேங்குறா.

இருங்க, போனு அடிக்குது. வக்கீலு. "ஆமா சார்... பஸ்ஸுலதான் சார்... வந்துக்கிட்டே இருக்கேன்... கூட்டியாந்துட்டாங்களா? சரி சார். சரி. சரி சார்."

ஒரே நச்சரிப்பு இந்த ஆளு. என்ன சொல்றாருன்னா, அதே தீர்ப்புலயே இன்னொரு பக்கமும் இருக்காம். பின்னால நின்னு நெசமா வேலையப் பாத்தவன் எவனோ, அவன் தானா வந்து கோர்ட்டுல ஒத்துக்கிட்டா, கேஸுல அவன்தான் மொத ஆளாம். பேரு குடுத்தவங்களுக்கு ஜாமீன் கெடச்சுரும். "பழனிநாதன், வேற வழியே இல்ல. எல்லாத் தாளுலயும் அந்தம்மா கையெழுத்து. மேஸ்திரி கேரளாவுக்குப் போயிட்டான். எஞ்சினியர் உங்களத் தெரியவே தெரியாதுங்கிறாரு. இன்னைக்கு விட்டா அப்புறம் நான் பேசிப் பிரயோஜனம் இல்ல. நீங்க வந்து உங்க வாயால சொன்னாத்தான் உண்டு"ங்கிறாரு.

நான் மாட்டேன்னு சொல்லல சார். அதுக்குத்தானே கெளம்பி வந்திருக்கேன். வெள்ளச் சட்ட போட்டிருக்கேன், சாமி கும்புட்டு விபூதி வச்சிருக்கேன், பாருங்க. ஆனா ஒரு நிமிஷம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. நானும் உள்ள போயிட்டா வெளிய கேஸ யாரு பாக்குறது? வக்கீல யாரு பாக்குறது? அவளுக்கு உள்ள சாப்பாடு, தூக்கம், ஒரு கொறையும் இல்லங்கிறாங்க. எனக்கு சுகர் வேற இருக்கு.

அந்தா, பாத்தீங்களா? திருவரங்குளம் தாண்டுறதுக்குள்ள மறுபடி அடிக்குது. இது வக்கீல் இல்ல. இது அவ போனு. ரெண்டு போன் வச்சிருக்கேன் சார், ஒண்ணு என்னது, ஒண்ணு தவமணியோடது. கல்லுல இருக்கிற நம்பரு இதான். கால்வாய் அடச்சிருக்கு, லைட்டு எரியலன்னு எவனாவது கூப்புட்டுக்கிட்டே இருப்பான். எல்லாரும் 'தவமணி மேடங்களா'தான். அவங்கள சமாளிச்சுருவேன். இது அது இல்ல. இது அந்தக் கெழவன்.

சிகப்பாயி வீட்டுக்காரன். சின்னக்கண்ணுன்னு பேரு. பள்ளிக்கூடத்துல பெல்லடிக்கிற நேரத்துக்குத் தெனம் கூப்புடுவான். எடுக்கலைன்னா கொஞ்சம் விட்டு மறுபடி அடிப்பான். அவனுக்குக் கேஸு, ஜெயிலு ஒண்ணும் புரியல. தூணுல இருக்கிற கல்லப் பாத்து யாரோ நம்பர அமுக்கிக் குடுத்திருக்கானுங்க. நாலு வார்த்த ஏசட்டுமே சார். நாசமாப் போங்கடான்னு ஒருவாட்டி சொல்லிட்டான்னா என் மனசு ஆறிரும். ஏச மாட்டேங்குறான்! "தவமணி அம்மாங்களா? தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க தாயி. அந்தக் கல்லு மண்ணையெல்லாம் எப்ப எடுப்பீங்க? எங்க வீட்டுக்காரியோட தூக்குவாளி அடியில மாட்டிக்கிச்சு. அவ இருந்த வரைக்கும் அதுலதான் நீராரம் குடிச்சுப் பழக்கம்"ங்கிறான்.

தெனம் இதே பேச்சுதான். கேஸு முடியுற வரைக்கும் ஒரு கல்லக்கூட நவுத்தக் கூடாதுன்னு போலீஸு சுத்திக் கயிறு கட்டி வச்சிருக்கு. அத அவனுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? "அம்மா வெளியூரு போயிருக்காங்க"ம்பேன். "சரிங்க ஐயா, வந்ததும் சொல்லுங்க. பொம்பளப் பேரா இருக்கு, அவங்களுக்குப் புரியும்"பான். வச்சுருவான்.  அதுக்கப்புறம் எனக்கு அந்த நீராரம் வாசன தொண்டைக்குள்ளயே நிக்கும் சார். காப்பி குடிச்சாலும் அதே வாசன, தண்ணி குடிச்சாலும் அதே வாசன. நம்பர மாத்திரலாம்னா கல்லுல வெட்டுன நம்பரு, மாத்துனா அதுக்கு ஒரு கேஸு போடுவானுங்களாம். போன அணைச்சு வச்சுப் பாத்தேன். அணைச்சு வச்சாலும் அந்த நேரத்துக்கு எனக்கு அடிக்கிற மாதிரியே கேக்குது. எடுத்துப் பேசுறதே மேல்னு மறுபடி போட்டுட்டேன்.

அடிக்கிறது நின்னுருச்சு. நல்லது.

ஊருக்குள்ள வந்தாச்சு. ஆமா, கோர்ட்டு இதான் சார். அந்தா போலீஸு வேனு. கொஞ்சம் தலைய ஒதுக்குங்க... அந்தா, அந்தா, தவமணி! ஊதாச் சேல. பக்கத்துல பொம்பளப் போலீஸு. மெலிஞ்சுட்டா சார். கழுத்தெலும்பு தெரியுது. எப்படி நிக்கிறா பாருங்க, கோர்ட்டுக் காம்பவுண்டு சுவத்துல நல்லாச் சாஞ்சுக்கிட்டு. என்னால ஆகாது அது. கண்ண மூடிக்கிட்டு நிக்கிறா. வெயில்ல கண்ணு கூசுதோ என்னவோ.

கேக்குது சார், கேக்குது. "கோர்ட்டு எறங்குறவங்க இருக்கா?"ன்னு கண்டக்டர் கத்துறது எனக்கும் கேக்குது. இருங்க, நடையில கூட்டமா இருக்குல்ல. இந்தம்மா மூட்டைய எடுக்கட்டும். செருப்பு எங்க போச்சு, ஒரு செருப்பு சீட்டுக்கு அடியில போயிருச்சு... நீங்க சத்தம் போடாதீங்க சார், எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. நானே எறங்கிக்குவேன்.

ரைட்டு குடுத்துட்டான் பாருங்க. இந்தக் கண்டக்டருங்களுக்கு மனுஷன் எறங்குற வரைக்கும் பொறுமையே கிடையாது. பரவால்ல. பஸ்ஸு ஸ்டாண்டுல எறங்கி ஒரு ஆட்டோ புடிச்சாத் திரும்பி வந்துரலாம். எப்படியும் கேஸக் கூப்புட மத்தியானம் ஆயிரும். இல்லன்னா அடுத்த வாய்தா இருக்கவே இருக்கு. டிக்கெட்டுதான் திருச்சி வரைக்கும் இருக்கே.

அப்படிப் பாக்காதீங்க சார். அவளும் அப்படித்தான் பாத்தா.

அடிக்குது. மறுபடி அடிக்குது. அவன்தான்.

சார், உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். இத நீங்க கொஞ்சம் புடிங்க. பச்சையத் தள்ளிவிட்டுக் காதுல வச்சாப் போதும். உங்க பேரு, ஊரு ஒண்ணும் சொல்ல வேணாம். அவன் கேக்குறதக் கேட்டுக்கிட்டு ஆமான்னுருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன். சும்மா ஒரு ஹலோ சொல்லுங்க சார், போதும்.